சின்ன அலுவலகத்துக்கு மெயில், சாட், மீட்டிங், போன் எல்லாம் ஒரே ஏற்பாட்டில்: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் அலுவலகம் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறது. முந்திரி உடைக்கிற இடம் பண்ருட்டிப் பக்கம், விற்பனைப் பிரிவு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மொத்தம் 23 பேர். போன வருஷம் வரை ஆர்டர் ஒருவருடைய வாட்ஸப்பில் வரும், விலைப்பட்டியல் இன்னொருவருடைய சொந்த ஜிமெயிலில் இருக்கும், லாரி கிளம்பியதா என்பதை மூன்றாவது ஆளுக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். விற்பனையில் இருந்த ஒருவர் வேலையை விட்டுப் போனபோது அவருடைய சிம்மோடு நான்கு வருஷத்து ஆர்டர் பேச்சும் சேர்ந்து போய்விட்டது. அடுத்த மாதமே கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் தான் 240 தர முந்திரிப்பருப்பு கேட்டதாகச் சொன்னார், நாங்கள் அனுப்பியிருந்தது 320. யார் சொல்வது சரி என்று காட்ட எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அதன் பிறகு எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆறு வாரத்தில் முடிய வேண்டியது ஐந்து மாதம் இழுத்தது. காரணம், எந்த ஆப் நல்லது என்ற கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். உண்மையில் அது பின்னால் வர வேண்டிய கேள்வி. டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்), போன் எண், நிர்வாகிக் கணக்கு இந்த மூன்றும் நிறுவனத்தின் பெயரில் இருந்துவிட்டால் எந்த ஆப்பையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இவை வேறு யார் பெயரிலாவது இருந்தால் எவ்வளவு நல்ல ஆப் வாங்கினாலும் பிரயோஜனமில்லை. நீங்கள் இந்த வரிசையில் போங்கள்.

1. முதலில் ஒரு தாளில் ஆட்களை எழுதுங்கள்

மென்பொருள் விற்பனையாளரோடு பேசுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். யாருக்கு வெளியாட்களுக்கு மெயில் அனுப்பும் வேலை இருக்கிறது, யாருக்கு உள்ளுக்குள் செய்தி அனுப்பினால் மட்டும் போதும், யார் நாள் முழுக்கப் போனில் இருக்கிறார்கள் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். 23 பேருக்கும் உரிமம் (ஆளுக்கொரு சந்தா) வேண்டும் என்று எங்களுக்கு விலை சொன்னார்கள். எழுதிப் பார்த்தபோது முழு மெயில் பெட்டி தேவைப்பட்டது 9 பேருக்குத்தான். மற்றவர்களுக்குக் குறைந்த விலைத் திட்டம் போதும், சிலருக்கு எதுவுமே வேண்டாம், மேற்பார்வையாளருக்கு இருந்தால் போதும்.

விற்பனை, கணக்கு, தகவல் மாதிரியான பொது முகவரிகளுக்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள். அவற்றை இருக்கிற பெட்டிகளுக்குப் போகும் குழு முகவரியாகவோ மாற்றுப் பெயராகவோ இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான சேவைகளில் உண்டு. இதை விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

2. டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

என்னுடைய ஐந்து மாதத்தில் இரண்டு மாதம் இதில்தான் போனது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எங்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன்னுடைய பெயரில், தன்னுடைய மெயில் முகவரியில் பதிவு செய்து வைத்திருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, பத்து வாடிக்கையாளரை ஒரே கணக்கில் வைத்துக்கொள்வது அவருக்கு வசதி. ஆனால் அவர் தொழிலை விட்டுவிட்டு ஊரைவிட்டும் போய்விட்டார், புதுப்பிக்கும் தேதி வந்தபோது எச்சரிக்கை மெயில் அவருக்குத்தான் போனது. 11 நாள் எங்களுக்கு மெயில் வரவில்லை.

ஆகவே இன்றே பாருங்கள். ஹூஇஸ் என்ற இணையத் தேடலில் டொமைன் பெயரைப் போட்டால் எந்தப் பதிவாளரிடம் (டொமைன் விற்கும் நிறுவனத்திடம்) இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று தெரியும். டாட் இன் என்று முடியும் பெயர்களுக்கு அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் பதிவகத்திலேயே தேடலாம். பெயர் வேறு ஒருவரிடம் இருந்தால் அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: டொமைனின் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள், இடமாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டைத் தரச் சொல்லுங்கள். புதிதாகப் பதிவு செய்து 60 நாள் ஆகாத பெயரை வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது. காலாவதி ஆன பிறகு கொஞ்ச நாள் அவகாசம் உண்டு, அதையும் தாண்டிவிட்டால் மீட்புக் கட்டணம் வருஷக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு வருஷத்துக்குச் சில நூறிலிருந்து ஆயிரத்து சொச்சம் ரூபாய் வரை ஆகும். முதல் வருஷம் 99 ரூபாய் என்று விளம்பரம் இருந்தால் இரண்டாம் வருஷ விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, பதிவாளர் கணக்கில் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றுபோனால் கடவுச்சொல்லை மீட்கும் மெயிலும் வராது, உள்ளே நுழையவே வழி இருக்காது. முதலாளி பார்க்கிற வேறொரு முகவரியைக் கொடுங்கள்.

3. ஆவணங்களும் ஜிஎஸ்டி எண்ணும்

நிறுவனத்தின் பான் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ், பங்குதாரர் ஒப்பந்தம் அல்லது கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று லெட்டர்ஹெட்டில் முத்திரையுடன் ஒரு கடிதம், அந்த நபரின் ஆதார், புகைப்படம், இணைப்பு வரப்போகும் இடத்துக்கான முகவரிச் சான்று. வாடகைக் கட்டடம் என்றால் வாடகை ஒப்பந்தமும் கரன்ட் பில்லும். இவை எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் ஸ்கேன் செய்து வையுங்கள், ஏனென்றால் நெட் இணைப்புக்கும் கேட்பார்கள், போன் எண்ணுக்கும் கேட்பார்கள், நிறுவன சிம்முக்கும் கேட்பார்கள். கரன்ட் பில்லில் உள்ள முகவரியும் ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ள முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் கதவு எண் பழையது ஒன்றிலும் புதியது இன்னொன்றிலும் இருந்தது, அதற்காக விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தொலைத்தொடர்பைப் பொறுத்தவரை புதுச்சேரி தமிழ்நாட்டு வட்டத்துக்குள்தான் வருகிறது, சிம் வாங்கும்போது இரண்டு ஊருக்கும் வித்தியாசமே தெரியாது. ஜிஎஸ்டியில் அப்படிக் கிடையாது. புதுச்சேரிப் பதிவு 34 என்று தொடங்கும், கடலூர்ப் பதிவு 33 என்று தொடங்கும். இரண்டு இடத்திலும் பதிவு வைத்திருப்பவர்கள் எந்த பில் எந்த எண்ணில் வர வேண்டும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இந்தச் சேவைகளுக்கு 18 சதவீத வரி, தவறான எண்ணில் பில் வந்தால் நாம் கழித்துக்கொள்ள வேண்டிய உள்ளீட்டு வரி வேறு பதிவில் போய் உட்காரும். புதுச்சேரி அலுவலகம் வாங்கும் சேவையை கடலூர்க் கிளையும் பயன்படுத்தினால், அந்த வரியைப் பகிர்வதற்கான ஐஎஸ்டி (உள்ளீட்டுச் சேவைப் பகிர்வாளர்) பதிவு 2025 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகிவிட்டது. ஆடிட்டரிடம் இதை மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாங்கள் கடைசியில் இரண்டு பதிவுக்கும் தனித்தனி சந்தாவாகப் பிரித்துக்கொண்டோம், கணக்கு பார்க்கும் அக்காவுக்கு அதுதான் சுலபமாக இருந்தது.

4. நெட்டும் கரன்ட்டும்

குரல் அழைப்பு ஒன்றுக்கு 100 கேபிபிஎஸ் போதும், வீடியோவுக்கு ஆளுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் என்று கணக்கு வையுங்கள். சாதாரண ஃபைபர் திட்டமே தாராளம். பதிவேற்ற வேகத்தையும் கேளுங்கள், மீட்டிங்கில் நம் முகம் அவர்களுக்கு உறைந்து தெரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் பேசலாம். ஃபைபரில் வரும் லேண்ட்லைன் அப்படி வேலை செய்யாது, சுவரில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி அணைந்தால் போனும் செத்துவிடும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இது நம் எல்லோருக்குமே நன்றாகப் புரிந்தது. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் தனியாக ஒரு மினி யுபிஎஸ் வையுங்கள், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வேறொரு நிறுவனத்தின் 4ஜி டாங்கிள் ஒன்றும் இருக்கட்டும். கடற்கரைக்குப் பக்கத்தில் அலுவலகம் உள்ளவர்கள் கேபிள் முனைகளை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள், உப்புக்காற்றில் அவை பூத்துப்போய் இணைப்பு விட்டுவிட்டு வரும், நெட்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

5. இப்போதுதான் ஆப்

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ வொர்க்பிளேஸ் மூன்றுமே மெயில், சாட், மீட்டிங், கோப்பு வைக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரே சந்தாவில் தருகின்றன. அடிப்படைத் திட்டங்கள் ஆளுக்கு மாதம் ஏறக்குறைய நூறிலிருந்து முந்நூறு ரூபாய்க்குள், வரி தனி. எக்செல்லிலேயே வாழும் அலுவலகம் என்றால் மைக்ரோசாஃப்ட் பக்கம் போங்கள். எல்லோரும் ஏற்கெனவே ஜிமெயிலில் பழகியவர்கள் என்றால் கூகுள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஜோஹோவைப் பாருங்கள், ஐந்து பேர் வரைக்கும் இலவச மெயில் திட்டம் வைத்திருக்கிறார்கள், ஆனால் இலவசத்தில் அவுட்லுக் போன்ற வெளி மென்பொருளில் இணைக்க முடியாது.

மீட்டிங் மட்டும் போதும் என்று இலவச ஆப்பை நம்பாதீர்கள். ஜூமில் இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். வாடிக்கையாளரோடு விலை பேசி முடிக்கிற நேரத்தில் அது அறுந்தால் திரும்பக் கூப்பிட்டுத் தொடங்குவதற்குள் பேச்சின் சூடு போய்விடும்.

பணம் கட்டும் இடத்தில் இரண்டு பொறி. வருஷ ஒப்பந்தம், மாதக் கட்டணம் என்று ஒரு வகை இருக்கிறது. மாதம் மாதம் கட்டுவதால் எப்போது வேண்டுமானாலும் ஆளைக் குறைக்கலாம் என்று நினைத்துவிடுவோம், ஆனால் வருஷம் முடியும் வரை எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. ஆகவே முதலில் குறைவாக வாங்குங்கள். அடுத்தது, கார்டில் தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். வருஷச் சந்தா புதுப்பிக்கும் அன்று கார்டு வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்றால் பணம் போகாது, சேவை நிற்கும். புதுப்பிக்கும் தேதிக்கு 15 நாள் முன்னால் இரண்டு பேருடைய காலண்டரில் குறித்து வையுங்கள்.

நிர்வாகிக் கணக்கு இரண்டு இருக்கட்டும், ஒன்று முதலாளியிடம், ஒன்று உங்களிடம். இரண்டுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு போனில் கிடைக்கும் குறியீட்டையும் கேட்பது) போடுங்கள். போன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு பீரோவில் வையுங்கள். போனிலேயே படம் எடுத்து வைத்தால் போன் தொலையும்போது குறியீடும் சேர்ந்து தொலையும்.

6. மெயிலை மாற்றும் வார இறுதி

சனிக்கிழமை மாலை தொடங்குங்கள், ஞாயிறு முழுக்க நேரம் இருக்கும். இரண்டு நாள் முன்னதாகவே டொமைன் அமைப்பில் டிடிஎல் மதிப்பை (பழைய விவரத்தை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி வைத்திருக்கலாம் என்பதை) 300 ஆகக் குறைத்து வைத்தால் மாற்றம் சீக்கிரம் பரவும், இல்லையென்றால் 48 மணி நேரம் வரைகூட சில மெயில்கள் பழைய பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும். பிறகு எம்எக்ஸ் பதிவை, அதாவது மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரியை, மாற்றுங்கள். பழைய மெயில்களை நகலெடுக்க எல்லாச் சேவையிலும் கருவி உண்டு, ஆனாலும் பழைய கணக்கை ஒரு மாதம் மூடாதீர்கள்.

அப்புறம் டொமைன் அமைப்பில் சேர்க்க வேண்டிய பதிவுகள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று. எஸ்பிஎஃப் என்பது இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கெல்லாம் அனுமதி என்ற பட்டியல். டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் போகும் மின் கையெழுத்து. டிமார்க் என்பது இந்த இரண்டும் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்வது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராகிவிட்டது, இவை இல்லாமல் அனுப்பினால் உங்கள் விலைப்பட்டியல் ஸ்பேமில் கிடக்கலாம், அல்லது போகாமலே நின்றுவிடலாம். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். பழையதை அழிக்காமல் புதியதையும் சேர்த்தால் இரண்டுமே செல்லாது, நான் இதில் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பில் போடும் மென்பொருளும், வெப்சைட்டில் உள்ள தொடர்புப் படிவமும் உங்கள் பெயரில்தான் மெயில் அனுப்புகின்றன, அவற்றையும் அதே ஒரு எஸ்பிஎஃப் பதிவுக்குள் சேர்க்க வேண்டும். கூகுளில் மெயிலை இயக்கியதும் டிகேஐஎம் சாவி உடனே கிடைக்காமல் போகலாம், 24 முதல் 72 மணி நேரம் ஆகும், பொறுத்திருங்கள். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு மட்டும் என்ற நிலையில் வைத்து, ஒரு மாதம் கழித்துக் கடுமையாக்குங்கள்.

7. போன் எண்

இதற்கு மூன்று வழி உண்டு. நிறுவனத்தின் பெயரில் சிம்கள் வாங்குவது எளிது. கிளவுட் டெலிபோனி என்று சொல்லப்படும் மெய்நிகர் எண்ணில் ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பு, "ஆர்டருக்கு 1, கணக்குக்கு 2" என்று பிரிந்து ஊழியர்களின் கைப்பேசிக்குப் போகும், அழைப்புப் பதிவும் இருக்கும். எங்கள் அளவு அலுவலகத்துக்கு இதையே சொல்வேன். முப்பது, நாற்பது பேர் மேஜையில் உட்கார்ந்து பேசும் இடம் என்றால் சிப் டிரங்க் இணைப்பும் (நெட் வழியாக வரும் போன் லைன்) ஐபி பிபிஎக்ஸ் பெட்டியும் (அழைப்புகளை மேஜைகளுக்குப் பிரித்துத் தரும் கருவி) வாங்கலாம். எந்த வழியானாலும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம் என்பதைக் கேளுங்கள், இரண்டு சேனல் மட்டும் என்றால் மூன்றாவது வாடிக்கையாளருக்கு பிஸி டோன்தான்.

பல வருஷமாக விசிட்டிங் கார்டில் இருக்கும் 0413 எண்ணையோ 04142 எண்ணையோ வேறு நிறுவனத்துக்கு எடுத்துப்போக முடியாது. நம் நாட்டில் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி மொபைலுக்குத்தான், லேண்ட்லைனுக்குக் கிடையாது. பழைய இணைப்பை ஒரு வருஷமாவது வைத்துக்கொண்டு அழைப்பைப் புது எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைக்க 2021 ஜனவரி 15 முதல் முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும், புதிய பிபிஎக்ஸ் பெட்டியில் அந்த விதியைப் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல் நாள் வெளியே போன மொபைல் அழைப்பு எல்லாமே விழுந்ததற்கு இதுதான் காரணம்.

நிறுவனத்தின் பெயரில் சிம் எடுத்தாலும் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஊழியரின் கேஒய்சியும் வேண்டும், ஆதாரோடு ஆளே வர வேண்டியிருக்கும். எல்லோரையும் ஒரே நாளில் அழைத்துப் போங்கள். சிம் கார்டுகளை ஒரு பெட்டியில் செருகி நெட் வழியாக மலிவாக அழைப்பு தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவோடு அனுப்பிவிடுங்கள், அது சட்டவிரோதம், எண் உங்கள் பெயரில் இருந்தால் மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான். தொலைத்தொடர்புத் துறை உரிமம் உள்ள நிறுவனத்தின் எண்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அழைப்பைப் பதிவு செய்வதாக இருந்தால் தொடக்கத்திலேயே தமிழில் ஒரு வரி அறிவிப்பு வையுங்கள்.

வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பை விட மாட்டார்கள், அவர்களை மாற்ற முயலவும் வேண்டாம். நிறுவன சிம் ஒன்றில் வாட்ஸப் பிசினஸ் போட்டு, அந்தப் போனை அலுவலகத்திலேயே வைத்து, ஆறு இலக்க ரகசிய எண்ணையும் போட்டு, எல்லா விசிட்டிங் கார்டிலும் அந்த ஒரே எண்ணை அச்சிடுங்கள்.

8. ஆட்களைப் பழக்குவது

இதற்கு முழுதாக மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் அலுவலகம் மட்டும், இரண்டாம் வாரம் மஞ்சக்குப்பம், கடைசியாகப் பண்ருட்டி என்று போனோம். சாட்டில் குழுக்களைக் குறைவாக வையுங்கள். எங்களிடம் நான்குதான்: ஆர்டர், லோடு, கணக்கு, பொது. ஆர்டர் குழுவில் எழுதாத ஆர்டருக்குச் சரக்கு கிளம்பாது என்று முதலாளியே சொன்னார், அதற்குப் பிறகுதான் எல்லோரும் அதில் எழுதினார்கள். மேலிருந்து அந்த வார்த்தை வராவிட்டால் நீங்கள் எவ்வளவு சொன்னாலும் பழைய வாட்ஸப் குரூப்பிலேயே பேச்சு ஓடும்.

பண்ருட்டியில் மேற்பார்வை பார்க்கும் அண்ணனுக்கு வயது 58. "தம்பி, எழுத எனக்கு நேரமாகும், பேசி அனுப்பினால் ஆகாதா?" என்று கேட்டார். குரல் செய்தியைப் பின்னால் தேட முடியாது, 240 சண்டை மாதிரி ஒன்று வந்தால் மறுபடியும் மாட்டிக்கொள்வோம். அவர் போனில் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டு போட்டு, மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாக விழும்படி செய்து கொடுத்தேன். தர எண்ணையும் டின் எண்ணிக்கையையும் மட்டும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை கண்ணால் பார்க்கச் சொன்னேன். இப்போது லோடு குழுவில் தெளிவாக எழுதுபவர் அவர்தான்.

9. ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாள்

இதை ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பிரிவில் ஒட்டி வையுங்கள். அன்று மாலைக்குள் அவருடைய கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேற்றுங்கள். கணக்கை உடனே அழிக்காதீர்கள், அழித்தால் கொஞ்ச நாளில் மெயிலும் கோப்பும் சேர்ந்து அழிந்துவிடும். அவருடைய கோப்புகளின் உரிமையை மேலாளருக்கு மாற்றி, மெயில் பெட்டியை நகலெடுத்து, அந்த முகவரியைப் பொது முகவரிக்குத் திருப்பிவிட்ட பிறகு உரிமத்தைப் புதியவருக்குக் கொடுங்கள். நிறுவன சிம்மைக் கையில் வாங்கிக்கொண்டு, பயனாளர் பெயரை மாற்றப் புதியவரின் ஆதாரோடு கடைக்குப் போங்கள். கடைசிச் சம்பளம் வங்கிக்குப் போவதற்கு முன்னால் இவை முடிந்திருக்க வேண்டும். சென்ற மாதம் எங்கள் மஞ்சக்குப்பம் அலுவலகத்திலிருந்து ஒருவர் விலகினார், எல்லாவற்றையும் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, மறுநாள் காலை அவருடைய வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர் பொது எண்ணிலேயே வந்து விழுந்தது.